கவிழ்த்து வைத்த கிளாஸ்

“...மேஜையே போகப்போகுது, அப்புறம் எலுமிச்சை எதுக்குன்னுதான் கேக்கறேன்.”

“இன்னும் போகலல்ல. இருக்கிற வரைக்கும் வைப்பேன்.”

“வை, வை. எடுக்கும்போது அதை என் பிராந்தியில போட்டுக்கறேன். சார்ஜென்ட் அம்மா நறுக்கினது, வீணாப் போகக் கூடாது பாரு.”

சொல்லிவிட்டு ஆர்டென் சமையலறைத் திறப்பிலிருந்து தலையை இழுத்துக்கொண்டார், சிரித்தாரா, இல்லை சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாரா, ஜோலீனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை, கத்தி நுனியில் ஒட்டியிருந்த விதையைத் தட்டிவிட்டாள், ஒரே ஒரு வில்லை, மெல்லிசாக, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், மீன் பொரிக்க எண்ணெய் காய்கிற நேரத்தில் முதல் வேலையாக ஒரு வில்லை, அதைக் கொண்டுபோய் முன்னாள் படைவீரர் மண்டபத்து மூலையில் இருக்கிற அந்தச் சின்ன வட்ட மேஜையில், வெள்ளை விரிப்பின் மேல், யாரும் சாப்பிடாத தட்டில் வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துணி ரோஜா, கவிழ்த்து வைத்த ஒரு கிளாஸ், மேஜையில் சாய்த்து வைத்த ஒரு காலி நாற்காலி. போருக்குப் போய்த் திரும்பாதவனுக்கு, உடல்கூடக் கிடைக்காதவனுக்கு. எலுமிச்சை அவன் விதியின் கசப்பு, உப்பு காத்திருப்பவர்களின் கண்ணீர், கிளாஸ் கவிழ்ந்திருப்பது அவனால் வந்து நம்மோடு குடிக்க முடியாது என்பதால்... பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் ஆர்டென் இதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார், வியட்நாம் போய் வந்தவர், மண்டபத்துக்குத் தலைவர், பாருக்கும் அவரே ஆள், அதே ஆர்டென்தான் இன்று மதியம் சொன்னார், மீன் முடிந்து கூட்டம் கலைந்ததும் மேஜையை மடித்துக் கீழறையில் போட்டுவிடலாம், திங்கட்கிழமை காப்பகத்துக் குழந்தைகள் வந்துவிடும், அதோடு காணாமல் போன யூஜின்தான் கிடைத்துவிட்டானே, வந்துவிட்டவனுக்கு எதற்குக் காலி நாற்காலி. நியாயம்தான். அதுதான் தொல்லை, யார் பேசினாலும் நியாயமாகவே பேசுகிறார்கள்... “வெர்லின் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் கை வைக்கமாட்டேன்,” என்றும் சொன்னார், யூஜினின் தம்பி வெர்லின்தான் அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் என்பது போல. சரி, அப்படியானால் வெர்லினிடம் கேட்க வேண்டும், இன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்ததும் கேட்க வேண்டும். என்னவென்று? காலையிலிருந்து அதைத்தான்... என்னவென்று கேட்பது?

வில்லையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூட்டம் வருவதற்குள் திரும்பி, எண்ணெயில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்த்தாள், சொய்யென்று மேலே வந்தது. இனி எல்லாம் முடிகிற வரை அவள் சமையலறையை விட்டு வெளியே போகமாட்டாள், எல்லோருக்கும் தெரியும், சார்ஜென்ட்டாக இராக் போருக்குப் போய் வந்த நாளிலிருந்தே அப்படித்தான், முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடமாடினால் கழுத்தில் ஏதோ ஏறுகிறது, யாரும் ஏன் என்று கேட்டதில்லை, இந்த மண்டபத்தில் அது ஒரு வசதி, வெளியே எங்கே போனாலும் ஏன் என்று கேட்கிறார்கள். திறப்பு வழியாக அவளுக்கு வேண்டியதெல்லாம் தெரியும், வாசல் கதவு, பார் மேடை, அதற்கு மேல் தொங்கும் பித்தளை மணி, கோடியில் வட்ட மேஜை. ஒரு வண்டியின் சன்னலிலிருந்து தெருவைப் பார்க்கிற மாதிரி... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், மீனை நினை, மீனைத் துடைத்து மாவில் தோய்த்து, பீர் ஊற்றிக் கரைத்த மாவு, கொஞ்சம் வழியவிட்டு எண்ணெயில். தவக்கால வெள்ளி, கறி தின்னாத நாள் என்பதால் ஊரே வரும், ஏரியில் பனிக்கட்டி இளகிவிட்டது, அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களும் இன்று இங்கேதான். மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ், கறுப்பு ரொட்டி. அப்புறம் இறைச்சிக் குலுக்கல், சீட்டு விழுந்தவருக்கு வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தட்டு பன்றித் துண்டம். இந்த மீனும் துண்டமும்தான் இந்தக் கூரையைத் தாங்கிப் பிடிக்கிறது, போன குளிர்காலத்தில் சூடேற்றும் அடுப்பு செத்தபோது அதை எழுப்பியதும் மீன்தான்.

எத்தனை விஷயத்துக்குத்தான் இந்த மண்டபம். அந்தக் காலத்துப் போரிலிருந்து வந்தவர்கள் தாங்களே கல் சுமந்து கட்டினார்களாம், தங்களுக்கென்று, மனைவிகள்கூட முன்வாசல் வழியாக வரக்கூடாது என்று வைத்திருந்தார்களாம், இப்போது செவ்வாய்க்கிழமை பாட்டுப் போட்டு உடற்பயிற்சி, புதன்கிழமை குடியை விட்டவர்களின் கூட்டம், அதுவும் பார் மேடைக்கு ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு, ரத்ததானம் இங்கே, ஓட்டுப்போடுவது இங்கே, கல்யாணம், சாவுச் சாப்பாடு. இனி குழந்தைகள் காப்பகம். அவளுக்கு அதில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்... அவள் தங்கையே பிள்ளையை விட இடமில்லாமல் வேலையை விட்டவள். கெல்சி நல்ல பெண், காப்பகத்தை நடத்தப்போகிறவள், போன வாரம் அளவெடுக்க வந்தபோது தலையில் கம்பளிக் குல்லாவோடு நுழைந்துவிட்டாள், வாசலில் பலகை எழுதித்தான் இருக்கிறது, தொப்பியோடு உள்ளே வருகிறவர் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கித்தர வேண்டும், செத்தவர்களுக்கு மரியாதை என்று ஆரம்பித்தது, இப்போது பாதி விளையாட்டு. ஆர்டெனின் கை யோசிக்காது, வாசலில் தொப்பியைக் கண்டால் மணிக் கயிற்றை இழுத்துவிடும், அன்றைக்கும் இழுத்தார், பாவம், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெண் அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் கிழவர்கள் நாலைந்து பேர்தான், ஆளுக்கொரு சோடா போதும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள். அவள்தான் சோடாவை வைத்துக்கொண்டு அந்த மூலையைக் காட்டிக் கேட்டாள், அங்கே தொட்டில் போட்டால் வெயில் நன்றாக வரும் இல்லையா... வரும்தான். மண்டபத்தில் நல்ல வெயில் வருகிற இடம் அதுதான். அதனால்தானே யூஜினின் அம்மா அந்த இடத்தைக் கேட்டு வாங்கினாளாம், அந்த விரிப்பு அவள் தைத்தது.

மேஜை யாருக்கென்று பெயர் எழுதி வைத்ததில்லை, எல்லாப் போரிலும் காணாமல் போன எல்லோருக்கும் என்றுதான் பேச்சு, ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் யூஜின் மேஜை என்பார்கள். வியட்நாம் போரின்போது லாவோஸ் காட்டில் ஹெலிகாப்டரோடு விழுந்தவன், அன்றிலிருந்து ஒன்றும் இல்லை, ஒரு பொத்தான்கூட. வெர்லின் மாடுகளைப் பார்த்துக்கொண்டார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார், வெள்ளிக்கிழமைதோறும் இங்கே வந்து, நீள மேஜையின் கோடியில், அந்தக் காலி நாற்காலி கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டார், ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்பார்கள். ஜோலீனும் பார்த்திருக்கிறாள், திரும்பமாட்டார், ஆனால் உப்பு வேண்டுமென்றால் இடது கையை நீட்டமாட்டார், இடது பக்கம் அந்த மேஜை. பிறகு, பனி இன்னும் கனமாக இருந்தபோது, சீருடையில் இரண்டு பேர் பண்ணைக்கு வந்து சொன்னார்கள், கிடைத்திருக்கிறது, ஒரு பல்லும் ஒரு துண்டு எலும்பும், சோதித்துப் பார்த்தாகிவிட்டது, உங்கள் அண்ணன்தான். மண் இளகியதும் அடக்கம். அன்றிலிருந்து வெர்லின் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. ஊரெல்லாம் அழுதது, மாதா கோயிலில் மணி அடித்தார்கள், ஜோலீனும் அழுதாள், ஆனால் எதற்காக அழுதாள்... அந்தச் செய்தியைக் கேட்டதும் முதலில் என்ன தோன்றியது? மேஜை போய்விடும் என்று தோன்றியது. ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்று சொல்லும்போது மேஜை போய்விடுமே என்று தோன்றுகிற மனசு என்ன மனசு.

“ஜோ, நாலு தட்டு, ஒண்ணுல அடை வேணாமாம்,” என்று ஆர்டென் கத்தினார், நாலு தட்டு, ஒன்றில் அடை இல்லாமல், தட்டுகள் திறப்பு வழியே போயின. டாரிலுக்கு அடை இரண்டு வேண்டும். வேண்டியிருந்தது. டாரிலுக்கும் உள்ளே உட்கார முடியாது, இராக்கில் இரண்டு பேரும் ஒரே வண்டி, அவன் ஓட்டுவான், அவள் பின்னால் காயம்பட்டவனின் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் அவன் பக்கத்து ஊரிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் வருவான், முன்வாசலில் அல்ல, சமையலறைப் பின்கதவில், படியில் உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துக்கொண்டு தின்பான், பனி கொட்டினாலும் அங்கேதான். கதவு திறந்திருந்தால் சமையலறை, திறப்பு, அதற்கப்பால் அந்த மேஜை, ஒரே நேர்கோட்டில் அவனுக்குத் தெரியும். “அந்தாளுக்கு நடக்கிற கவனிப்பைப் பாரேன்,” என்பான், “தனி மேஜை, விரிப்பு, பூ. நமக்குப் படிக்கட்டு. நாம பண்ணின தப்பு என்னன்னா, திரும்பி வந்தது.” அவள் சிரிப்பாள், சிரிக்காமல் என்ன செய்வது, அவன் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொல்வான். மூன்றாவது குளிர்காலத்தில், வீட்டுக் கார்க் கொட்டகையில்... கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு. செய்தித்தாளில் திடீர் மரணம் என்று போட்டார்கள். வாசலில் இருக்கிற கல்லில் அவன் பெயர் கிடையாது, கல் போரில் செத்தவர்களுக்கு, அவன் வீட்டில் செத்தான், காணாமல் போனவனும் இல்லை, எங்கே இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், மலைச்சரிவில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில். அவனுக்கென்று ஒரு விதி இல்லை, அதற்கு யார் மேலும் பழி போட முடியாது, விதி எழுதியவர்கள் இப்படியெல்லாம் நடக்கும் என்று நினைத்திருக்கமாட்டார்கள். அதற்கடுத்த வெள்ளிதான் அவள் எலுமிச்சை வில்லையை மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தது. அதுவரை ஆர்டென்தான் வைத்துக்கொண்டிருந்தார், தடிமனாக, பாருக்கு நறுக்கியதில் மிஞ்சியதை. நான் வைக்கறேன் என்றாள், வை என்றார், அவ்வளவுதான். டாரில் பேரை அவள் யாரிடமும் சொல்லவில்லை, இந்த மண்டபத்தில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பின்படியில் உட்கார்ந்தவனை உள்ளே இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டம் ஏறிவிட்டது, கோட்டுகளின் ஈர நாற்றமும் எண்ணெயும் குழந்தைகளின் கூச்சலும் சேர்ந்து திறப்பு வழியாக அடித்தது, நாற்காலி போதவில்லை, அடுத்த மாவட்டத்து ஆள் போல ஒருவர் தட்டோடு நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பார்க்கிறார், மூலையைப் பார்க்கிறார், போகாதே... போய்விட்டார், காலி நாற்காலியின் முதுகில் கையை வைத்துவிட்டார். “இங்க யாராவது வராங்களா?” இது எப்போதாவது நடப்பதுதான், அதற்கு ஒரு பதிலும் இருக்கிறது, பக்கத்து மேஜைக் கிழவர்கள் தலையை நிமிர்த்தாமலே ஒரே குரலில் சொல்வார்கள், வராங்க. அவ்வளவுதான், கேட்டவர் விரிப்பையும் ரோஜாவையும் அப்போதுதான் பார்த்து முகம் சிவந்து விலகிப் போவார். ஜோலீன் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், “வந்தாச்சு,” என்றார். அந்த ஆளுக்குப் புரியவில்லை, வந்தாச்சு என்றால் எங்கே, உட்காரலாமா கூடாதா, நாற்காலியைக் கொஞ்சம் இழுத்தும்விட்டார், ஜோலீனுக்குக் கழுத்தில் ஏறியது, திறப்பில் உடம்பைப் பாதி வெளியே தள்ளி, “கையை எடுங்க,” என்றாள். அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. மண்டபம் ஒரு நொடி திரும்பிப் பார்த்தது. ஆர்டென் ஓடிவந்து அந்த ஆளின் தோளில் கைபோட்டு பார் மேடைக்கு அழைத்துப் போனார், ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தார், போகிற போக்கில் திறப்பைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. பார்த்தியா, இதுக்குத்தான் எடுத்துடலாம்ங்கறேன், என்கிற பார்வை. எண்ணெயில் இரண்டு துண்டு கருகிக்கொண்டிருந்தது.

கருகியதை அள்ளி எறிந்துவிட்டு அடுத்த துண்டை மாவில் தோய்த்தாள். வெர்லின் வந்ததும் என்ன சொல்வாள்... வெர்லின், மேஜை இருக்கட்டும் என்று ஆர்டெனிடம் சொல்லுங்கள். ஏன் என்பார். உங்கள் அண்ணனுக்காக என்று சொல்லலாம், அது பொய், அந்த மனிதரிடம் போய், இவ்வளவு காலம் காத்திருந்தவரிடம், அவர் அண்ணனை வைத்துப் பொய் சொல்வதா. மற்றவர்களுக்காக என்று சொல்லலாம், இன்னும் எத்தனையோ பேர் கிடைக்கவில்லையே, அது உண்மை, ஆனால் அவள் சொன்னால் அதுவும் பொய்தான். அப்புறம் உண்மையைச் சொன்னால்? என்னோடு படையில் இருந்த ஒருவனுக்கு உங்கள் அண்ணன் தட்டில் இத்தனை வெள்ளிக்கிழமை எலுமிச்சை வைத்தேன், உங்களைக் கேட்காமல்... திருட்டு மாதிரி இருக்கிறது கேட்பதற்கு. கெல்சி திறப்பருகே வந்து நின்றாள், இன்று குல்லாவைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள், மூன்று தட்டு கேட்டாள், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள், பசங்க அந்த மேஜையைப் பத்திக் கேட்டா என்ன சொல்லட்டும் என்று கேட்டாள், யாரோ சாப்பிட வர்ற மாதிரி அழகாக இருக்கிறது, எடுத்துவிடுவது அவளுக்கும் ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் கிளாஸ் இருக்கிறதே, பரிசோதனைக்கு வந்தவர் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கண்ணாடி கூடாது என்று சொல்லிவிட்டார். ஜோலீன் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

கதவு திறந்தது. குளிர் முதலில் வந்தது, பிறகு வெர்லின் வந்தார், நல்ல கோட்டு, மாதா கோயிலுக்குப் போடுகிற கோட்டு, தலையில் தொப்பி. மாட்டுத்தீவனக் கடையில் கொடுத்த பழைய பச்சைத் தொப்பி. ஜோலீன் பார்த்தாள், பார்த்தவுடனே ஆர்டெனைப் பார்த்தாள், வேண்டாம், இழுக்காதே, இத்தனை வருஷத்தில் கதவுக்கு வெளியே படியிலேயே தொப்பியைக் கழற்றிவிடுகிற மனிதர், நினைவில்லாமல் வந்திருக்கிறார், பார்க்காத மாதிரி இரு... ஆனால் ஆர்டென் யாருக்கோ பீர் நிரப்பிக்கொண்டிருந்தார், கண் வாசலில் ஒரு தொப்பியைக் கண்டது, தலையை அல்ல, தொப்பியை, கை தானாகப் போய்க் கயிற்றை இழுத்தது. மணி இரண்டு தரம் அடித்தது. வழக்கம்போல ஓவென்று கூச்சல் கிளம்பி, யாரென்று தெரிந்த இடத்தில் பாதியில் நின்றது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும். ஆர்டென் இன்னும் கயிற்றைப் பிடித்திருந்தார், முகம் வெளுத்துவிட்டது, விட்டால் மறுபடி அடிக்குமோ என்பது போலப் பிடித்திருந்தார். “வெர்லின், நான்... கை தானா...” வெர்லின் மெதுவாகத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கழற்றவில்லை.

“சரிதான்,” என்றார். “எல்லாருக்கும் ஊத்து.”

அவர் நடந்து வந்தார், நீள மேஜையின் கோடிக்கு, அவருடைய இடத்துக்கு, அங்கே நிற்கவில்லை, அதைத் தாண்டி வட்ட மேஜைக்குப் போனார், சாய்த்து வைத்திருந்த நாற்காலியை நிமிர்த்தி இழுத்தார், கால்கள் தரையில் கிறீச்சிட்டன, அந்த நாற்காலிக்கு ஒரு சத்தம் உண்டு என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உட்கார்ந்தார். அவரிடம் கையை எடுங்க என்று யார் சொல்ல முடியும். விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை நீவினார், அம்மா தைத்த ஓரத்தை, பிறகு கிளாஸை எடுத்து நிமிர்த்தி வைத்தார். “இவனுக்கும் ஒண்ணு,” என்றார் ஆர்டெனிடம், சாதாரணமாக, பீருக்குச் சொல்வது போல. கிழவர்களில் ஒருவர் எழுந்து நின்றார், பிறகு எல்லோரும், நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம், அழுகிறவர்கள் அழுதார்கள், ஆர்டென் பிராந்திப் புட்டியை எடுத்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார், அவர் கன்னமும் நனைந்திருந்தது. இவ்வளவு நல்லபடியாகவா ஒரு மேஜை முடியும்... ஜோலீன் அடுப்பை அணைத்தாள். எப்போது அணைத்தாள், எப்போது சமையலறைக் கதவைத் தள்ளினாள், தெரியவில்லை, நிற்கிற ஆட்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தாள், முதுகுக்குப் பின்னால் ஆட்கள், இரண்டு பக்கமும் ஆட்கள், கழுத்தில் ஏறியது, ஏறட்டும், கையில் மாவு காய்ந்து தோலை இழுத்தது. என்ன கேட்கப் போகிறாள்? மேஜையை விட்டுவையுங்கள் என்றா... இல்லை, இப்போதுதான் தெரிகிறது, கேட்க வேண்டியது மேஜையை இல்லை, அது எங்கே வேண்டுமானாலும் போகட்டும், வெயில் குழந்தைகளுக்கு வரட்டும், மேஜையைக் கேட்டு இத்தனை நேரம் வாக்கியம் தேடியதே தப்பு. பக்கத்தில் வந்ததும் வெர்லின் நிமிர்ந்து பார்த்தார், அவளை மண்டபத்துக்குள் கூட்டத்தில் பார்ப்பது அவருக்கும் முதல் தடவை. “வா பொண்ணு. எலுமிச்சை நல்லா மெல்லிசா இருக்கு,” என்றார், “எப்பவுமே கவனிச்சிருக்கேன்.” திரும்பிப் பார்த்ததே இல்லை என்றார்களே. கவனித்திருக்கிறார். அப்படியானால் இத்தனை வெள்ளிக்கிழமையும் அந்த வில்லை யூஜினுக்கும் போகவில்லை, டாரிலுக்கும் போகவில்லையோ, பக்கத்தில் உட்கார்ந்து மீன் சாப்பிட்ட இந்த மனிதருக்குத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததோ, டாரிலுக்கு எதுவுமே... ஆர்டென் புட்டியைச் சாய்த்தார். பின்கதவைச் சாத்தாமல் வந்துவிட்டாள், சமையலறை வழியாகக் குளிர் காற்று வந்து கணுக்காலில் பட்டது. அவள் கையை நீட்டி, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினாள். ஆர்டென் புட்டியை நிமிர்த்திக்கொண்டார்.

“வெர்லின்,” என்றாள். “டாரில்னு ஒருத்தன், இராக்ல என் வண்டி ஓட்டினவன். பின்படியில உக்காந்து சாப்பிடுவான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அங்கேர்ந்து அவன் இன்னும் வந்து சேரல... உங்க அண்ணனுக்கு நான் வேற கிளாஸ் கொண்டுவரேன். இதை மட்டும் திரும்பக் கவுத்து வெச்சிடறீங்களா?”